நகைச்சுவையாளர் பி. ஜி. வுட்ஹவுஸ்

பெல்ஹாம் கிரென்வில் வுட்ஹவுஸ் 1881ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தை ஹாங்காங்கில் நீதித்துறையில் பணியாற்றியவர். இரண்டு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்த குழந்தையைச் செவிலியரும் உறவுப் பெண்டிருமே வளர்த்தனர். பிற்காலத்தில் அவர் கதைகளில் அதட்டி நடமாடிய அத்தைமார் பலருக்கும் அந்த இளமைப் பருவமே தாயகமாயிற்று.

டல்விச் பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் தேர்ந்த அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. தந்தையின் ஓய்வூதியம் ரூபாயில் வழங்கப்பட்டது. ரூபாயின் மதிப்போ நிலையற்றிருந்தது. பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு ஆசிரியராக விளங்கிய தமையன் ஆர்மின் பல்கலைக்கழகம் சென்றார். இளையவர் 1900இல் லண்டனில் வங்கி எழுத்தரானார். இரண்டே ஆண்டுகளில் அவ்வேலையைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

பொருள் முட்டுப்பாட்டை நன்கறிந்த அவர் படைத்த நாயகனோ பொருளுக்கு ஒருநாளும் வருந்தாதவன். 1915இல் வெளிவந்த ஒரு சிறுகதையில் பெர்ட்டி வூஸ்டர் தோன்றினான். உடன் பணியாளர் ஜீவ்ஸும் வந்தார். முதல் உலகப் போரில் 1916இல் மாண்ட பெர்சி ஜீவ்ஸ் என்னும் கிரிக்கெட் வீரரின் பெயரே பணியாளருக்குச் சூட்டப்பட்டது. செல்வமும் நற்பேறும் பெர்ட்டியுடையவை, அறிவு ஜீவ்ஸுடையது. பேதை தன் கதையைத் தானே சொல்வதில்தான் சுவை பிறக்கிறது. பள்ளியில் பயின்ற கவிதை அடிகளை அவன் பாதியில் தவறவிடுவான். ஜீவ்ஸ் அமைதியாக நிறைவு செய்வார். உயர்ந்த செய்யுளும் தெருப்பேச்சும் ஒரே வாக்கியத்தில் உரசிக்கொள்ளும் அந்நடை எளிதில் வாய்த்ததன்று. ஒரு நாவலுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் குறிப்பெழுதிய பின்னரே அவர் எழுதத் தொடங்குவார்.

1939இல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மறு ஆண்டே பேரிடர் சூழ்ந்தது. பிரான்சில் வாழ்ந்த அவரை ஜெர்மானியர் சிறைப்படுத்தி, டோஸ்ட் என்னும் ஊரில் மனநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் அடைத்தனர். அங்கும் அவர் நாவல் எழுதினார். 1941 ஜூனில் விடுதலையானதும், அப்போது போரில் இறங்கியிராத அமெரிக்காவின் வாசகர்களுக்காகப் பெர்லின் வானொலியில் ஐந்து உரைகள் ஆற்றினார். முகாம் வாழ்வைப் பற்றிய வேடிக்கைப் பேச்சுகளே அவை. ஆயின், குண்டுவீச்சில் உறவுகளை இழந்திருந்த பிரிட்டிஷ் மக்களால் அந்நகைப்பைப் பொறுக்க இயலவில்லை. துரோகி என்ற பழி எழுந்தது. சில நூலகங்கள் அவர் நூல்களை அகற்றின. 1944இல் வளர்ப்பு மகள் லியனோரா இறந்த செய்தியும் அவருக்குத் தாமதமாகவே எட்டியது.

அரசின் விசாரணையில் வழக்குத் தொடரத்தக்க குற்றம் காணப்படவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் அவருக்காக வாதாடினார். துரோகம் அவரிடம் இல்லை; பகைவனின் ஒலிபெருக்கியில் தம் சிரிப்பு என்ன பொருள் கொள்ளும் என்று உணராமையே இருந்தது. பெர்ட்டியிடம் நாம் விரும்பும் அதே வெள்ளையுள்ளம் படைத்தவருக்கு வினையாயிற்று. பெர்ட்டியைக் காக்க ஜீவ்ஸ் இருந்தார், அவருக்கு எவருமில்லை.

1939க்குப் பின் அவர் தாய்மண்ணை மிதிக்கவேயில்லை. 1947இல் அமெரிக்கா சென்று, 1955இல் அந்நாட்டுக் குடிமகனானார். கசப்பை எழுத்தில் ஏற்றாமல் நாள்தோறும் எழுதிவந்தார். 1974இல் இறுதி ஜீவ்ஸ் நாவல் வெளிவந்தது. 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தது; அதன்பின் ஆறே வாரங்களில், பிப்ரவரி 14ஆம் நாள், தம் 93ஆம் வயதில் மறைந்தார். அப்போதும் ஒரு நாவல் முற்றுப்பெறாமல் அவர் கையிலிருந்தது.