விரிசலை மறைக்காத தச்சர்

மேசை செய்யப் பலகை தேடும் தச்சர், விரிசல் விட்ட பலகையை ஒதுக்கிவிடுவார். வேறு வழியில்லையென்றால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மெருகேற்றி மறைத்துவிடுவார். நாம் கண்ட வழக்கம் இதுதான். ஆனால் ஜார்ஜ் நகஷிமா விரிசலை எல்லாரும் காணும்படி அப்படியே விட்டார். அது மேலும் பிளவாதபடி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற மரத்துண்டை அதன் குறுக்கே பதித்து இறுக்கினார். அவருடைய வாழ்க்கையிலும் ஒரு பெரிய விரிசல் இருந்தது.

1905 மே 24 அன்று அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். சாரணச் சிறுவனாக மலைக்காடுகளில் அலைந்தபோதே மரங்களின்மேல் பற்றுக் கொண்டார். கட்டடக்கலை பயின்று பட்டம் பெற்றபின் பல நாடுகளைச் சுற்றி, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரிடம் வேலைக்கு அமர்ந்தார்.

அந்த வேலைதான் அவரை 1937இல் நம் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. வந்தவர் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லி ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்றார். அழகில் இன்புறுபவர் என்பது பொருள். விடுதி அறைகளுக்கு வேண்டிய தேக்குமரச் சாமான்களையும் அவரே வடிவமைத்தார். கட்டடக் கலைஞர் மரவேலையின் பக்கம் திரும்பியது இங்கேதான் என்பது நமக்குப் பெருமையல்லவா?

1939இல் புதுவையை விட்டுப் புறப்பட்டார். 1941இல் மேரியன் என்ற மங்கையை மணந்து, சியாட்டில் நகரில் சிறு பட்டறை தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா ஜப்பானுடன் போரில் இறங்கியது. 1942இல், ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். விசாரணை என்ற பேச்சே இல்லை. நகஷிமாவும் மனைவியும் கைக்குழந்தை மீராவுடன் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார்கள். புழுதி பறக்கும் வறண்ட பூமி அது.

அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரும் கைதியாக இருந்தார். ஜப்பானிய முறையில் தேர்ந்த கைகாரர். கல்லூரிப் பட்டங்கள் பெற்ற நகஷிமா அவரிடம் மாணவராகி, உளி பிடிக்கவும், ஆணியின்றி மரத்தோடு மரம் பொருத்தவும், பொறுமையாக இழைக்கவும் கற்றார். கழித்துப் போட்ட மரத்துண்டுகளும் பாலைப் புதர்க்கட்டைகளுமே அவர்களுக்குக் கிடைத்த சரக்கு.

1943இல் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை கிடைத்தது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் முதலில் ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்த்தார்! பிறகு அங்கேயே பட்டறை அமைத்தார். பெருமரங்களை அறுக்கும்போது தாமே அருகில் நின்று, வாள் எந்தத் திசையில் போகவேண்டும் என்று காட்டுவார். அறுத்த பலகைகளை ஆண்டுக்கணக்கில் காயவிடுவார். மரத்தின் இயற்கையான வெளியோரத்தை நேராக்காமல் அதன் வளைவிலேயே விட்டுவிடுவார். இப்படிப் பிறந்தவை அவருடைய வால்நட் மேசைகள், நாற்காலிகள், மரச்சட்டத்தில் வெண்ணிற உறை போர்த்திய நிலைவிளக்குகள். 1964இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து சாமான்கள் வடிவமைத்தார். 1973இல் ராக்பெல்லர் மாளிகைக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட பொருள்கள் செய்தார்.

கத்தோலிக்கத் திருமறையைத் தழுவிய அவர், 1965இல் ஜப்பானின் கியோட்டோவில் கிறிஸ்து அரசர் ஆலயத்தை வடிவமைத்தார்.

முதுமையில் அவருக்கு மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்று கிடைத்தது. உலகின் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதிப் பீடம் செய்ய விரும்பினார். முதற்பீடம் 1986இன் கடைசி இரவில் நியூயார்க் பேராலயம் ஒன்றில் நிறுவப்பட்டது. அடுத்தடுத்த இரு பலகைகள். நடுவில் திறந்த இடைவெளி. குறுக்கே வண்ணத்துப்பூச்சிப் பிணைப்புகள்.

1990 ஜூன் 15 அன்று அவர் காலமானார். முகாமில் கைக்குழந்தையாயிருந்த மீரா பட்டறைப் பொறுப்பை ஏற்றார். 1996இல் மற்றொரு பீடம் கடல் கடந்து ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. தந்தை முதன்முதலில் தேக்குச் சாமான்கள் செய்த கோல்கொண்டா, அங்கிருந்து சில மைல் தூரந்தான்.