டாம் கில்பர்ன்

டாம் கில்பர்ன் (ஆகஸ்ட் 11, 1921 – ஜனவரி 17, 2001) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் கணினிப் பொறியாளரும் ஆவார். நிரலைத் தன் நினைவகத்திலேயே சேமித்து இயக்கிய முதல் மின்னணுக் கணினியை பிரெடி வில்லியம்ஸுடன் இணைந்து உருவாக்கியவர். பின்னர் அட்லஸ் கணினித் திட்டத்திற்குத் தலைமை தாங்கினார். மெய்நிகர் நினைவகம், பயனர் நிரல் இயங்குதளத்திடம் உதவி கோரும் பாதுகாப்பான வழி ஆகிய இரண்டும் அட்லஸில் ஒருங்கே அமைந்திருந்தன. இன்றைய மெய்நிகர் பொறிகள், தம்மைத் தாங்கும் விருந்தோம்பிக் கணினியின் கருனியுடன் தொடர்புகொள்ளும் முறைக்கு இவை முன்னோடிகளாகும்.

பிறப்பும் கல்வியும்

கில்பர்ன் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலுள்ள டியூஸ்பரி நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்றார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1942 இல் படிப்பை விரைவாக முடித்து, மின்னணுவியலில் ஒரு குறுகிய காலப் பயிற்சி பெற்றார். பின்னர் மால்வர்ன் நகரிலிருந்த ரேடார் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம்ஸின் குழுவில் சேர்ந்தார். 1943 இல் ஐரீன் மார்ஸ்டன் என்பவரை மணந்தார்.

முதற் கணினி

1946 இன் இறுதியில் வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது கில்பர்னும் அவருடன் சென்றார். எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தரவைச் சேமிக்கும் முறையை இருவரும் மேம்படுத்தினர். 1947 இன் முடிவில் ஒரே குழாயில் 2,048 பிட்களை மணிக்கணக்கில் சேமிக்க முடிந்தது.

இந்நினைவகம் உண்மையில் ஒரு கணினியின் வேகத்திற்கு ஈடுகொடுக்குமா என்று சோதிப்பதற்காகவே 'பேபி' எனப்பட்ட சிறிய கணினி கட்டப்பட்டது. ஜெஃப் டூட்டில் இப்பணியில் உதவினார். 32 பிட்கள் கொண்ட 32 சொற்களே அதன் மொத்த நினைவகம். ஜூன் 21, 1948 அன்று, 2 இன் 18 ஆம் அடுக்கிற்கு, அவ்வெண்ணைத் தவிர்த்த மிகப்பெரிய காரணியைக் காணக் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் கொண்ட நிரல், 52 நிமிடங்கள் ஓடிச் சரியான விடையைத் தந்தது. இதன் வழிவந்த பெரான்டி மார்க் 1 கணினி, 1951 பெப்ரவரியில் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்பட்டது.

அட்லஸ் கணினி

மார்க் 1 இல் வேகமான சிறிய நினைவகமும், மெதுவான பெரிய காந்த உருளையும் இருந்தன. எந்தத் தரவை எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவது என்பதை நிரலர்களே திட்டமிட வேண்டியிருந்தது. இச்சுமையை நிரலரிடமிருந்து அகற்றுவது கில்பர்னின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று.

1956 இல், நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகள் என்ற இலக்குடன் மியூஸ் என்னும் திட்டத்தை அவர் தொடங்கினார். பெரான்டி நிறுவனம் இணைந்த பின் 1959 இல் இது அட்லஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. டிசம்பர் 7, 1962 அன்று முதல் அட்லஸ் தொடங்கி வைக்கப்பட்டது.

அட்லஸில் 48 பிட்கள் கொண்ட 16,384 சொற்களுக்குக் காந்த வளைய நினைவகமும், 98,304 சொற்களுக்குக் காந்த உருளைகளும் இருந்தன. ஆயினும் நிரலருக்கு இவை ஒரே நினைவகமாகவே தோன்றின. நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. நிரல் ஒரு முகவரியை நாடும்போது, அதன் பக்க எண்ணை 32 பதிவகங்களுடன் வன்பொருள் ஒரே நேரத்தில் ஒப்பிட்டது. பக்கம் அங்கு இல்லையெனில் குறுக்கீடு ஏற்பட்டு, கட்டுப்பாடு மேற்பார்வை நிரலிடம் சென்றது. அது தேவையான பக்கத்தை உருளையிலிருந்து கொண்டுவந்த பின் பயனர் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தான் நிறுத்தப்பட்டதையே அந்நிரல் அறியாது.

அட்லஸில் பல நிரல்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தன. ஒரு நிரல் அச்சுப்பொறியையோ காந்த நாடாவையோ தானே நேரடியாக இயக்கினால், அதன் ஒரு பிழை மற்றவர்களின் பணிகளையும் அழித்துவிடக்கூடும். எனவே அத்தகைய சேவைகள் 'எக்ஸ்ட்ராகோடு' எனப்பட்ட சிறப்புக் கட்டளைகள் வழியாகவே வழங்கப்பட்டன. இவை நிரலுக்குச் சாதாரணக் கட்டளைகள் போலவே தோன்றினாலும், இயக்கப்பட்டவுடன் கட்டுப்பாடு நிலை நினைவகத்திலிருந்த வழிமுறைகளுக்கு மாறியது. பயனர் நிரல், எக்ஸ்ட்ராகோடு, குறுக்கீடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் இருந்ததால், எதையும் சேமித்து வைக்காமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாக மாற முடிந்தது. மேற்பார்வை நிரலை உருவாக்கியதில் டேவிட் ஹோவர்த்தின் பங்கு முதன்மையானது.

மெய்நிகர் பொறிகளுடனான தொடர்பு

அட்லஸ் மெய்நிகர் பொறிகளை வழங்கவில்லை. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினி போன்ற தோற்றத்தைத் தந்த சிபி-40 அமைப்பு, ஐபிஎம் நிறுவனத்தால் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 1967 இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. அட்லஸில் பயனர் நிரலும் மேற்பார்வை நிரலும் இருந்த இடத்தில், இங்கு விருந்தினர் இயங்குதளமும் விருந்தோம்பியும் உள்ளன. விருந்தினரை முழுமையாக நம்ப இயலாது. ஆனால் அதற்கு வட்டும் வலையமைப்பும் தேவை.

இதற்கான தீர்வும் இருவகைப்பட்டது. விருந்தினர் அறியாமலேயே அதன் செயல் இடைமறிக்கப்படுவது முதல் வகை. இது அட்லஸின் பக்கக் குறுக்கீட்டை ஒத்தது. விருந்தினர் தெரிந்தே உதவி கோருவது இரண்டாம் வகை. இது எக்ஸ்ட்ராகோடை ஒத்தது. 2003 இல் வெளியான சென் மென்பொருளில் இக்கோரிக்கை 'ஹைப்பர்கால்' எனப்படுகிறது. 2007 முதல் லினக்ஸ் கருனியில் இடம்பெறும் கேவிஎம் அமைப்பிலும் இவ்வசதி உண்டு.

ஒவ்வொரு முறையும் விருந்தோம்பிக்கு மாறுவது நேரத்தை வீணாக்கும். ஆகவே 2008 இல் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்ட விர்ட்டியோ முறையில், இரு தரப்பும் பகிரும் நினைவகத்தில் கோரிக்கைகள் வரிசையாக இடப்பட்டு, தேவையானபோது மட்டும் மறுதரப்புக்கு அறிவிக்கப்படுகிறது. மாறுவதற்கு ஆகும் நேரத்தைக் குறைப்பதே அட்லஸின் மூன்று பதிவகங்களுக்கும் நோக்கமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலப் பணிகளும் சிறப்புகளும்

அட்லஸ் தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருந்தும் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே விற்பனையானது. மான்செஸ்டரிலிருந்த அட்லஸ் 1971 இல் நிறுத்தப்பட்டது. 1964 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கணினி அறிவியல் துறையின் முதல் தலைவராகக் கில்பர்ன் பொறுப்பேற்றார். அவர் தலைமையில் உருவான எம்யூ5 கணினி, ஐசிஎல் 2900 வரிசைக் கணினிகளின் வடிவமைப்பில் தாக்கம் செலுத்தியது.

1965 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978 இல் அக்கழகத்தின் ராயல் பதக்கத்தையும், 1983 இல் எக்கர்ட்-மாக்லி விருதையும் பெற்றார்.

இறுதிக்காலம்

1981 இல் கில்பர்ன் ஓய்வுபெற்றார். அதற்குச் சற்று முன்னர் அவருடைய மனைவி காலமானார். 1998 இல் மான்செஸ்டரில் நடைபெற்ற பேபியின் பொன்விழாவில், மீளுருவாக்கப்பட்ட அக்கணினி மீண்டும் இயங்கியதை அவர் நேரில் கண்டார். 2001 ஜனவரி 17 அன்று தமது 79 ஆம் வயதில் மறைந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையின் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.