இருட்டை வரைந்த சிவில்காரர்

ஒரு சனிக்கிழமை ராத்திரி நம்ம ஹாஸ்டலில் ஒரு சீனியர் லேப்டாப்பில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார். பெயர் ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’, 1945ல் வந்தது. பாட்டு டான்ஸ் கிடையாது, ஃபைட் கிடையாது. கால் மணி நேரத்தில் ரூமே காலி. நான் மட்டும் அசையவில்லை. எடுத்தவர் யார்னு தேடினால், ஆள் சிவில் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர்! நானும் சிவில். அந்த வாரம்தான் டி.சி.க்கு விண்ணப்ப ஃபாரம் வாங்கிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அவர்தான் ஃபிரிட்ஸ் லாங். 1890 டிசம்பர் 5ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா கட்டடம் கட்டுகிறவர். மகனும் அதே தொழிலுக்கு வரணும்னு ஆசை. மகனோ தொழில்நுட்பக் கல்லூரியை உதறிவிட்டு ஓவியம் கற்கப் போனார், ஊர் ஊராகச் சுற்றினார். முதல் உலகப் போரில் அடிபட்டு வலது கண் பாதிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்த இடத்திலேயே சினிமாவுக்குக் கதை எழுத ஆரம்பித்தார்.

பிறகு ஜெர்மனியில் 1927ல் ‘மெட்ரோபோலிஸ்’. 1931ல் ‘எம்’, அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்பவன் ஒருவன் விசிலடித்துக்கொண்டே போகிறான். பலூன் விற்கும் பார்வையற்றவர் ஒருவர் அந்த விசிலை வைத்தே அவனை அடையாளம் காண்கிறார். சத்தம் சினிமாவுக்கு வந்த புதுசிலேயே இப்படி யோசித்திருக்கிறார், பாருங்கள்!

1933ல் ஹிட்லர் ஆட்சி அவர் படம் ஒன்றைத் தடை செய்தது. லாங் நாட்டை விட்டுக் கிளம்பினார். கோயபல்ஸ் கூப்பிட்டுப் பெரிய பதவி தருவதாகச் சொன்னதாகவும், அன்று ராத்திரியே ரயிலேறித் தப்பியதாகவும் பின்னாளில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அவருடைய பாஸ்போர்ட்டில் அதற்குப் பிறகும் சில மாதங்கள் ஜெர்மனிக்குப் போய் வந்த முத்திரைகள் இருக்கின்றன. கதை சொல்லி இல்லையா, தன் கதையையும் கொஞ்சம் மெருகேற்றிவிட்டார் போல! மனைவி தேயா ஃபான் ஹார்பூ அங்கேயே தங்கி, நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார்.

பாரிஸ் வழியாக 1934ல் ஹாலிவுட். அங்கேதான் நான் பார்த்த வகைப் படங்கள். 1946ல் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் அந்த மாதிரிப் படங்களைக் ‘கறுப்புப் படம்’ என்று அழைத்தார். ‘ஃபிலிம் நுவார்’ என்ற பெயர் அப்படி வந்தது. அதில் என்ன அப்படி ஒரு கவர்ச்சி? நம்ம படங்களில் வில்லன் யார்னு மீசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’டில் தப்பு செய்கிறவர் பரம சாதுவான ஒரு கேஷியர். ஞாயிற்றுக்கிழமை படம் வரைகிற மனுஷன். ஒருத்தியை நம்பி ஏமாந்து, கடைசியில் அவளைக் கொன்றுவிடுகிறார். தண்டனை இன்னொருத்தனுக்குப் போகிறது. கேஷியர் வெளியேதான் திரிகிறார்; செத்தவர்களின் குரல்தான் அவரை விடவில்லை. குற்றவாளியைச் சட்டம் தண்டிக்காமல் படம் முடியக்கூடாது என்றிருந்த காலம் அது. நியூயார்க் மாநிலத்தில் 1946ல் படத்தையே கொஞ்ச நாள் தடை செய்துவிட்டார்கள்.

நிழலையும் சொல்லணும். முகத்தில் பாதி வெளிச்சம், மீதி இருட்டு; சுவரில் ஜன்னல் கம்பி கோடு கோடாக விழும். காட்சிகளை முன்கூட்டியே வரைந்து, யார் எங்கே நிற்கணும்னு தீர்மானித்துவிட்டுத்தான் லாங் செட்டுக்குப் போவாராம். எனக்கென்னவோ அதில் பிளான், எலிவேஷன் வாசனைதான் அடித்தது. ஆனால் ஆட்களையும் செங்கல் மாதிரி நடத்துவார் என்று நடிகர்கள் அவரிடம் நொந்துபோனதுண்டு. அது பெருமையில்லை.

1953ல் ‘தி பிக் ஹீட்’. அதன்பின் ஹாலிவுட் சலித்து, 1958ல் உதய்பூருக்கே வந்து இரண்டு படங்களுக்குக் காட்சிகள் எடுத்தார். 1960ல் கடைசிப் படம். பிறகு பார்வை மங்கிக்கொண்டே போனது. 1976 ஆகஸ்ட் 2ல் பெவர்லி ஹில்ஸில் காலமானார்.

எங்கப்பா கொத்தனார். வெயிலில் நின்று சாந்து குழைத்த காசில்தான் எனக்கு ஃபீஸ். லாங் கதையைப் போனில் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, மெக்கானிக்ஸ் அரியர் எப்போ என்று மட்டும் விசாரித்தார். திங்கட்கிழமை என்றேன். ஃபாரம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.