ஒற்றர்களை வேட்டையாடிய ஒற்றர்
கர்னல் ரெட்லின் இரட்டை வாழ்க்கை

1913-ம் ஆண்டு. வியன்னா நகரின் பெரிய தபால் ஆபீசில், ஒரு குமாஸ்தாவின் மேஜையில் புதிதாக ஒரு மின்சார மணியின் பொத்தான் பொருத்தப்பட்டது. வீட்டு விலாசம் இல்லாமல், நேரில் வந்து கேட்பவரிடம் கொடுப்பதற்காக வைத்திருக்கும் கடிதங்களுக்கான ஜன்னல் அது. நிகோன் நிஸேடாஸ் என்ற பெயருக்கு வந்த கடிதத்தை யாராவது கேட்டால், குமாஸ்தா பொத்தானை அழுத்த வேண்டும். துப்பறியும் போலீஸார் காத்திருக்கும் அறையில் மணி அடிக்கும்.

வாரக் கணக்கில் மணி அடிக்கவில்லை. மே மாதம் 24-ந் தேதி, சனிக்கிழமை மாலையில், அடித்தது!

வந்தவர் யார் என்று தெரிந்தபோது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் ராணுவத் தலைமையே ஆடிப்போயிற்று. ஒற்றர்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் வித்தையை அந்த ராணுவத்தில் வளர்த்தவரே அவர்தான்.

ரயில்வே ஊழியரின் மகன்

ஆல்பிரட் ரெட்ல் 1864-ம் ஆண்டு லெம்பெர்க் நகரில் பிறந்தார். இப்போது உக்ரைன் நாட்டில் லிவீவ் என்று வழங்கும் ஊர் அது. தந்தை ரயில்வே ஊழியர். குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. பிரபு வம்சத்துப் பிள்ளைகள் நிறைந்த ராணுவத்தில், பின்பலம் எதுவும் இல்லாத ரெட்ல் மூளை பலத்தால் முன்னேறினார். பல பாஷைகள் தெரிந்தவர். ரஷ்ய மொழியை நன்றாகக் கற்பதற்காக ராணுவமே அவரை ரஷ்யாவிலுள்ள கஸான் நகருக்கு அனுப்பியது.

1900-ல் அவர் ராணுவ உளவு இலாகாவில் சேர்ந்தார். 1850-ல் தொடங்கிய பழைய இலாகா. ஆனால் எதிரியின் ஒற்றர்களைக் கண்டுபிடிக்கும் வேலை அங்கே அரைகுறையாகத்தான் நடந்துவந்தது. ரெட்ல் வந்த பிறகு அதன் முகமே மாறியது.

அவருடைய அறைக்கு வருகிறவர் வசதியான நாற்காலியில் அமர்த்தப்படுவார். மறைந்திருக்கும் காமிரா அவரைப் படம் பிடிக்கும். மரியாதைக்காக நீட்டப்படும் சிகரெட் பெட்டியில் அவருடைய கைரேகை பதியும். பேசுவதை அடுத்த அறையில் ஒலிப்பதிவுக் கருவி பிடித்துக்கொள்ளும். விருந்தாளி நன்றி சொல்லி விடைபெறுவார்; அவரைப் பற்றிய தஸ்தாவேஜு தயாராகிவிடும்! இன்றைக்கு இது சாதாரணம். அந்தக் காலத்தில் இது பெரிய புதுமை.

ஒற்றர் வழக்குகளில் நிபுணராகக் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னவரும் ரெட்ல்தான். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

யாரும் கேட்காத கேள்வி

அதே காலத்தில் அவர் ரஷ்யாவுக்கு ரகசியங்களை விற்றுக்கொண்டிருந்தார். எந்த ஆண்டில் தொடங்கினார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமனப்படவில்லை. ரெட்ல் ஆண்களிடம் நாட்டம் கொண்டவர். அக்காலத்தில் அது வெளிப்பட்டால் ஒரு ராணுவ அதிகாரியின் வாழ்வே பாழாகிவிடும். அதைக் காட்டி ரஷ்யர்கள் அவரை மிரட்டிப் பணியவைத்தார்கள் என்ற கதை வெகுகாலம் உலவியது. ஆனால் பணத்தாசையே காரணம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

பணம் கண்ணுக்குத் தெரியாமலும் இல்லை. சொந்த மோட்டார் கார், ஆடம்பரமான வீடு, நண்பனான ஓர் இளம் அதிகாரிக்கு வாரி வழங்கும் தாராளம்! சம்பளத்தில் கட்டுப்படியாகாத வாழ்க்கை. ஊரார் கணக்கையெல்லாம் துருவிய இலாகா, தன் அதிகாரியின் கணக்கை மட்டும் கேட்கவில்லை. வேலியைக் காக்க ஆள் வைத்தார்கள். காவல்காரனைக் கவனிக்க ஆள் இல்லை.

1912-ல் ரெட்ல் கர்னல் பதவியுடன் பிராக் நகருக்குப் போனார். அங்கிருந்த 8-வது படைப்பிரிவின் தலைமை ஆலோசகர் அவர். போர் வந்தால் எந்தப் படை எங்கே போகவேண்டும் என்ற திட்டங்களெல்லாம் அவர் கைக்கு எட்டின.

கத்தி உறை

வியன்னாவில் யாரும் வாங்காமல் கிடந்த ஒரு கடிதம் ஜெர்மனிக்குத் திரும்பிப் போனதுதான் அவருடைய போதாத காலம். அதில் ரஷ்ய எல்லையோரத்து எய்ட்கூனன் ஊர் முத்திரை இருந்தது. ஜெர்மன் உளவுத் துறையினர் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே 6,000 குரோனன் நோட்டுகளும், ஒற்றர்கள் பயன்படுத்தும் வெளிநாட்டு விலாசங்களும் இருந்தன. செய்தி வியன்னாவுக்குப் பறந்தது. மணிப் பொத்தான் வந்தது.

மணி அடித்து, போலீஸார் ஓடி வருவதற்குள் ஆசாமி டாக்சியில் ஏறிப் போய்விட்டார். அந்த டாக்சியைத் தேடிப் பிடித்தார்கள். உள்ளே ஒரு பேனாக்கத்தியின் உறை கிடந்தது. வந்தவர் கிளோம்ஸர் ஹோட்டலில் தங்கியிருப்பதாகத் தெரிந்தது. உறையை ஹோட்டல் சிப்பந்தியிடம் கொடுத்து, யாருடையது என்று விசாரிக்கச் சொன்னார்கள். மாடிப்படி இறங்கி வந்த கர்னல் ரெட்ல் அது தன்னுடையதுதான் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கணமே அதை எங்கே தவறவிட்டோம் என்பது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். பொறிவைக்கும் தொழிலில் அவரைவிடத் தேர்ந்தவர் யார்?

பெரிய தவறு

தலைமைத் தளபதி கான்ராட் அன்றிரவே முடிவு செய்தார். விஷயம் வெளியே தெரியக்கூடாது. நள்ளிரவில் நான்கு அதிகாரிகள் ஹோட்டலுக்குச் சென்றார்கள். அவர்களில் உளவு இலாகாத் தலைவர் உர்பான்ஸ்கியும், ரெட்லின் கீழ் தொழில் பழகிய ரோங்கேயும் இருந்தார்கள். ஆதாரங்கள் பிராக் வீட்டில் இருப்பதாக மட்டும் ரெட்ல் சொன்னார். மேற்கொண்டு குடையவில்லை. ஒரு பிரௌனிங் கைத்துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். 25-ந் தேதி விடியுமுன் ரெட்ல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

ராணுவத்தின் மானம் காப்பாற்றப்பட்டதாக நினைத்தார்கள். எந்தத் திட்டம் போயிற்று, எந்தக் கோட்டையின் படம் போயிற்று, உடந்தை யார் என்று சொல்லக்கூடிய ஒரே வாயை அவர்களே மூடிவிட்டார்கள். ரெட்லின் துரோகத்தைவிட இது பெரிய முட்டாள்தனம் என்றே சொல்லலாம்.

மானமும் தப்பவில்லை. மூளை கலங்கியதால் தற்கொலை என்று அரசாங்கம் செய்தி விட்டது. பிராக் நகரப் பத்திரிகை நிருபர் எகோன் எர்வின் கீஷ் உண்மையை மோப்பம் பிடித்துவிட்டார். நேரே எழுதினால் பத்திரிகை பறிமுதலாகும். ஆகவே, ரெட்ல் ரஷ்ய ஒற்றர் என்று பரவும் வதந்தியை மறுப்பதாக ஒரு மறுப்புச் செய்தி வெளியிட்டார்! படித்தவர்களுக்குப் புரிந்தது. சில நாட்களில் அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

முதிய சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோஸப் மனமுடைந்தார். பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டுக்கு வேறு கோபம். கத்தோலிக்க பக்தரான அவர், ஒரு மனிதனைத் தற்கொலைக்குத் தள்ளியது பாவம் என்று சீறினார். 1914-ல் உர்பான்ஸ்கி பதவி இழந்தார். ரோங்கே 1917-ல் இலாகாவின் தலைவரானார்; அடுத்த ஆண்டே சாம்ராஜ்யம் மறைந்தது.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டபோது ஆஸ்திரியப் படை செர்பியாவிலும் தோற்றது, ரஷ்யர்களிடமும் தோற்றது. தோற்ற தளபதிகளுக்கு ரெட்ல் நல்ல சாக்கானார். எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமல்ல. தளபதிகளின் சொந்தத் தவறுகளும் ஏராளம். ஆனால் அவர் எவ்வளவு விற்றார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது அவர் உயிரோடு இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில், ரெட்ல் பிறந்த லெம்பெர்க் நகருக்குள் ரஷ்யப் படை நுழைந்தது.