வீரமாமுனிவர்: குடிப்பெயரும் தமிழ்ப்பெயரும்

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர் கொஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. பெஸ்கி என்பது தந்தைவழி வந்த குடிப்பெயர். குடிப்பெயரை ஈற்றில் தாங்கும் அம்மேனாட்டு வழக்கு தமிழர்க்குப் புதிது. ஆதலின் இங்கு வேர்கொண்டது அவர்தம் முதற்பெயரின் பொருளே. நிலைகுலையாமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழிப் பிறந்த அப்பெயர், தமிழகத்தில் தைரியநாதர் என்றாயிற்று. பின்னர் வீரமாமுனிவர் என நிலைபெற்றது.

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியே அவர் நெடுநாள் தொண்டாற்றிய தலம். அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குறை அன்னைமீது கலம்பகம் பாடினார். 3615 பாக்களால் தேம்பாவணி யாத்தார்; ஐந்திலக்கணத்திற்குத் தொன்னூல் விளக்கம் தந்தார். நிகண்டுகளை மனனம் செய்தோர்க்கே எளிதில் வாய்த்த சொற்பொருள், 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியால் கற்போர் அனைவர்க்கும் அகரவரிசையில் கிட்டியது. பெயர், பொருள், தொகை, தொடை என நாற்பிரிவாக அமைந்த அந்நூல் இன்றும் கவிஞர்க்குத் துணை.

1747இல் முனிவர் மறைந்தார். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. துறவியாதலின் குடிப்பெயரைத் தாங்க அவருக்கு மகவில்லை. தமிழ் வழங்கிய பெயரையோ அவர் நூல்கள் தாங்கி நிற்கின்றன.