காசு தீர்ந்ததால் லண்டன் படிப்பை பாதியில் விட்ட அம்பேத்கர்... 3 வருஷம் கழித்து திரும்பிப் போனது எப்படி?

டிகிரி மேல் டிகிரி வாங்கியவர் என்றுதான் டாக்டர் அம்பேத்கரைப் பற்றி நாம கேள்விப்பட்டிருப்போம். ஆனா 1917-ல் அவர் லண்டன் படிப்பை பாதியில் விட்டுட்டு ஊருக்கு கப்பல் ஏறியவர். மார்க் குறைஞ்சதால இல்லை. ஸ்காலர்ஷிப் முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

1891-ல் மாவ் நகரில் பிறந்தவர் அம்பேத்கர். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் பி.ஏ. முடிக்க கைகொடுத்தது பரோடா மன்னர் தந்த மாதம் 25 ரூபாய். 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் பரோடா பணத்தில்தான். படிப்பு முடிந்ததும் 10 வருஷம் சமஸ்தானத்தில் வேலை பார்க்கணும் என்பது ஒப்பந்தம்.

1916-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தார். அடுத்த வருஷமே உதவித்தொகை நின்றது. வசதியான வீட்டுப் பிள்ளை என்றால் ஊருக்கு ஒரு தந்தி அடித்தால் போதும், பணம் வந்திருக்கும். அம்பேத்கருக்கு அப்படி யாரும் இல்லை. அப்பா 1913-லேயே இறந்துட்டார். 4 வருஷத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதி மட்டும் கையில் இருந்தது.

பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு சாதியைச் சொல்லி யாரும் வீடு தரலை. பார்சி விடுதி ஒன்றில் தங்கினார், அங்கிருந்தும் விரட்டினாங்க. பம்பாய் திரும்பி டியூஷன் எடுத்தார். 1918-ல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. குடும்பச் செலவு போக மிச்சம் பிடிச்ச சம்பளம், கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜின் உதவி, பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன். இதை வச்சுத்தான் 1920-ல் மறுபடி லண்டன் போனார்.

அரை வயித்துச் சாப்பாடு, நாள் முழுக்க நூலகம். 1921-ல் எம்.எஸ்சி. முடிந்தது. ரூபாயின் பிரச்சினை பற்றி எழுதிய டி.எஸ்சி. ஆய்வேட்டை தேர்வாளர்கள் திருத்தச் சொன்னபோது மறுபடியும் காசு தீர்ந்திருந்தது. 1923-ல் பம்பாய் வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பித்தான் பட்டம் வாங்கினார்.

கொலம்பியா கதை இன்னும் நீளம். அங்கே ஆய்வேட்டை அச்சடித்து பிரதிகள் கொடுத்தால்தான் பி.எச்டி. கைக்கு வரும். 1917-லேயே ஏற்கப்பட்ட ஆய்வேடு 1925-ல்தான் புத்தகமாச்சு. பட்டம் வந்தது 1927-ல். மூளை செஞ்ச வேலைக்கும் பட்டத்துக்கும் நடுவுல 10 வருஷம்!

அம்பேத்கர் பின்னாளில் வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினரானார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்த 1944-ல்தான் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தொடங்கியது. பள்ளி முடித்து கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு இன்னைக்கும் வருவது அதே ஸ்காலர்ஷிப்தான்.