ஏழைக்கும் எட்டிய நிழற்படம்: ஜோர்ஜ் ஈஸ்ட்மன் வரலாறு

அரசரும் செல்வரும் தம் உருவத்தை ஓவியத்திலும் கல்லிலும் நிறுத்திச் சென்றனர். ஏர் பிடித்தவனும் வலை இழுத்தவனும் தம் முகத்தைத் தம் மக்களின் நினைவிலே மட்டும் விட்டுச் சென்றனர். அந்நினைவும் இரண்டு தலைமுறைக்குள் மங்கிவிடுவது. இவ்வேற்றுமையைப் பெரிதும் குறைத்தவர் புலவரும் அல்லர், அரசியலாளரும் அல்லர். பதினான்கு வயதிலே வறுமையாற் பள்ளியை விட்ட ஓர் அமெரிக்கச் சிறுவர். ஜோர்ஜ் ஈஸ்ட்மன் என்பது அவர் பெயர். குறைந்த விலையில் டிஜிட்டல் கமரா ஒன்றை எவ்வாறு தேர்ந்து வாங்குவது என்று என் மாணவர் வினவும்போதெல்லாம், இவர் வாழ்க்கையையே நான் முதலிற் கூறுவது வழக்கம். தேர்வுக்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதி அதனுள்ளே அடங்கியிருக்கின்றது.

இவருக்கு முன் நிழற்படம் எடுத்தல் எத்துணை அரிய வினை என்பதற்கு நம் இலங்கையிலேயே சான்று உண்டு. புகழ்பெற்ற படக்கலைஞரான ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் 1875 இல் இங்கு வந்து, களுத்துறையில் வாழ்ந்து, 1879 இல் இத்தீவிலேயே மறைந்தார். அவர் கையாண்டது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருளிற் கழுவுதல் வேண்டும். தோட்டத் தொழிலாளரையும் கிராம மக்களையும் அவர் எடுத்த படங்கள் சில இன்றும் உள்ளன. ஆயின் அப்படங்களில் இருப்போருட் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பிறர் கமராவுக்கு முன் நின்றார்கள். தாமே ஒரு கமராவைக் கையில் எடுப்பது அவர்கள் கனவிலும் இல்லாத செய்தி.

ஈஸ்ட்மன் 1854 யூலை 12 ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்து வாட்டர்வில் என்னும் ஊரிற் பிறந்தார். 1862 இல் தந்தையார் காலமானார். தாயார் மரியா, வீட்டில் விடுதிக்காரரை வைத்து உணவளித்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மூத்த பெண்கள் இருவருள் ஒருத்தி இளம்பிள்ளை வாதத்தால் நடக்கமாட்டாதவள். தாயின் சுமையைக் கண்டு பொறாத மகன் கல்வியை விட்டு, கிழமைக்கு 3 டொலர் கூலிக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் ஏவலாளாய்ச் சேர்ந்தார். இரவிற் கணக்கியல் பயின்று, 1874 இல் ரொசெஸ்டர் சேமிப்பு வங்கியில் எழுதுவினைஞரானார்.

1877 இல் சாந்தோ தொமிங்கோ சென்றுவர எண்ணினார். அங்குக் காண்பனவற்றைப் படமெடுத்து வருமாறு நண்பர் ஒருவர் தூண்டினார். வாங்கிய பின்னரே அச்சுமை இன்னதென விளங்கிற்று: பெரும் பெட்டி போன்ற கமரா, கனத்த முக்காலி, கண்ணாடித் தட்டுகள், மருந்துப் புட்டிகள், நீர்ச்சாடி, இருட்டறைக்கென ஒரு கூடாரம். பயணம் நின்றுபோயிற்று, வினா ஒன்று மட்டும் நின்றது. இத்தனையும் எதற்கு? பகலில் வங்கி வேலை, இரவில் தாயின் அடுக்களையில் மருந்து காய்ச்சுதல் என மூன்று ஆண்டுகள் கழிந்தன. களைப்பு மிகுந்த இரவுகளில் உடுத்த உடையுடனே அடுப்பின் அருகே உறங்கினார். முடிவில், முன்கூட்டியே மருந்து பூசி வைத்துக்கொள்ளத்தக்க உலர்தட்டும், அதனைச் செய்யும் பொறியும் அவர் கைவந்தன. 1881 இல், தம் வீட்டில் முன்னர் விடுதிக்காரராயிருந்த ஹென்றி ஸ்ட்ரோங் என்பவரைப் பங்காளியாகக் கொண்டு கம்பனி தொடங்கினார்.

அடுத்த ஆண்டிலே பெருஞ்சோதனை வந்தது. விற்ற தட்டுகள் வணிகர் கையிற் கிடந்து பழுதாயின. ஈஸ்ட்மன் வாதாடவில்லை, அவற்றைத் திரும்பப் பெற்று, நல்லனவற்றை ஈந்தார். கம்பனியின் முதல் ஏறக்குறைய முழுவதும் அதிற் கரைந்தது. நற்பெயர் மட்டும் எஞ்சிற்று. அந்நற்பெயரே பின்னர் முதலாயிற்று.

1888 இற் கொடாக் கமரா வெளிவந்தது. 100 படங்களுக்கான சுருளைத் தன்னுள்ளே கொண்ட அதன் விலை 25 டொலர். பொத்தானை அழுத்துதல் ஒன்றே வாங்கியவர் செயல். பெட்டியையும் 10 டொலரையும் ரொசெஸ்டருக்கு அனுப்பின், கழுவிய படங்களும் புதுச்சுருள் இட்ட கமராவும் திரும்பி வரும். எனினும் 25 டொலர் தொழிலாளிக்கு எட்டும் தொகையன்று. 1900 இல் பிரவுணி என்னும் அட்டைப் பெட்டிக் கமராவை 1 டொலருக்கும், ஆறு படங்களுக்குரிய சுருளை 15 சதத்திற்கும் விற்றார். முதலாண்டிலேயே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை விலைபோயின. பள்ளிச் சிறுவர் தம் பெற்றோரைப் படமெடுக்கும் காலம் அன்று பிறந்தது.

இவர் குறையற்றவர் என்று யான் கூறேன். படச்சுருளின் உரிமை பற்றி ஹனிபல் குட்வின் என்னும் பாதிரியாருக்கும் ஈஸ்ட்மனுக்கும் எழுந்த வழக்கு, பாதிரியார் இறந்து பல்லாண்டு சென்றபின் 1914 இல் ஈஸ்ட்மன் கம்பனி 50 இலட்சம் டொலர் கொடுத்த பின்னரே தீர்ந்தது. வணிகத்திற் போட்டியாளரை ஒடுக்கினார் என்ற குற்றமும் அவர்மேல் உண்டு. ஆயின் ஈட்டியதைப் பூட்டி வைத்தவர் அல்லர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துக்கு ஏறத்தாழ 2 கோடி டொலரை, ஸ்மித் என்னும் புனைபெயரில் மறைந்திருந்து ஈந்தார். ஏழைச் சிறுவருக்குப் பல் மருத்துவ நிலையங்களும், ரொசெஸ்டரில் இசைக்கல்லூரியும் அமைத்தார். திருமணம் செய்யாது வாழ்ந்து, முதுகெலும்பு நோயால் நைந்து, 1932 மார்ச் 14 ஆம் நாள் தம் 77 ஆம் வயதில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அம்முடிவு நம்மை வருத்துகிறது. அவர் விட்டுச் சென்ற பணி நிற்கிறது.

இனி, மாணவர் வினாவுக்கு வருவோம். ஈஸ்ட்மன் தம் வாழ்வில் முதலில் வாங்கியது சுமை. பின்னர் உலகுக்கு அளித்தது போதுமானது. மலிவான கமராவைத் தேர்வோர் மனத்திற் கொள்ளவேண்டிய முதற்பாடம் இதுவே. பெட்டியின்மீது பொறித்த மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்கற்க. 4 அங்குலத்துக்கு 6 அங்குலமான படத்தைத் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 20 இலட்சம் படப்புள்ளிகளே போதும். வில்லையின் தரமும், ஒளியை ஏற்கும் தகட்டின் பருமனுமே பெரிதும் கருதத்தக்கன. வில்லையால் தொலைவை நெருக்கிக் காட்டுவது மெய்யான ஆற்றல். டிஜிட்டல் சூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெருக்குவதே.

இரண்டாம் பாடம், அவர் கணக்கிலிருந்து நாம் கற்பது. பிரவுணியின் விலை சிறிது. கம்பனியின் பேரூதியம் அடுத்தடுத்து வாங்கப்பட்ட படச்சுருளில் இருந்தது. ஆதலின் கமராவின் விலையை மட்டும் கேளாது, பற்றரி, மின்னேற்றி, நினைவட்டை, அச்சுச் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கைபேசி பரவியபின் சிறு கமராக்களின் உற்பத்தி சுருங்கிவிட்டமையால், பலரும் பழையதையே வாங்குகின்றனர். பழையதாயின் அதற்குரிய பற்றரி இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் அறிதல் நன்று. எம் மாம்புரிக் கரையிலோ காற்று ஓய்வதில்லை. நுண்மணலும் உப்பும் அதனோடு வரும். முன்னும் பின்னும் நீளும் வில்லைக் குழலில் மணல் புகுந்தால் கருவி இறுகிவிடும். இங்குள்ளோர்க்கு உறையும், மணல் புகா அமைப்புமே மிகையான சூம் ஆற்றலினும் பயனுடையன.

மூன்றாம் பாடம் ஈஸ்ட்மனுக்குப் பின் நிகழ்ந்தது. டிஜிட்டல் கமராவை 1975 இல் முதன்முதல் இயற்றியவர் அவர் கம்பனிப் பொறியியலாளரான ஸ்டீவன் சாசனே. 10,000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவிற் பதிய அக்கருவிக்கு 23 விநாடி சென்றது. சுருள் விற்பனையின் ஊதியத்தை விட மனமின்றிக் கம்பனி தயங்கிற்று. 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்பு நாடும் நிலைக்கு வந்தது. கருவிகள் மாறும், எடுத்த படத்தைக் காத்தலே நிலையான கடன்.

அக்கடனின் பொருளை எம் மாவட்டத்தார் நன்கறிவர். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்களுள், வீட்டோடு முன்னோர் படங்களையும் இழந்து வந்தோர் உளர். மலிவான கமரா எடுக்கும் படமும், தாயின் முகத்தைக் காட்டுமாயின், விலைமதிப்பற்றதே. ஆகவே மாணவர்களே, உங்களால் இயன்ற கமராவை வாங்குங்கள். வெயில் உங்கள் முதுகுப்புறம் விழுமாறு நின்று பெரியோரைப் படமெடுங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு இடங்களிற் சேமியுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் அவர்கள் பெயரையும் ஆண்டையும் தெளிவாக எழுதி வையுங்கள். களுத்துறைப் படங்களில் நிற்போர்க்குக் கிட்டாத பேறு அது.